இருபது எண்ணுவதற்குள்

பட்டுக்கடையில் புடவையைப் பிரித்துப் போடுகிறவர் ஒருவர் இருப்பார். அவரை ஊருக்கே தெரியும். அவர் பக்கத்தில் குனிந்தபடி, பிரித்துப் போட்டதை மடித்துக்கொண்டே இன்னொருவர் இருப்பார். அவரை யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக அந்த இரண்டாவது ஆள் நான்தான்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் இந்த வேலைக்கு வந்தது படிப்பில்லாததால் அல்ல, கூச்சத்தால். என் கல்யாணப் போட்டோவில் மாலை தெரியும், தலைப்பாகையின் உச்சி தெரியும். முகம் தெரியாது. அவ்வளவு குனிந்திருக்கிறேன். "நான் யாரு பக்கத்துல நிக்கிறேன்னு எனக்கே சந்தேகமா இருக்குது" என்று சொல்லிச் சொல்லி என் வீட்டுக்காரி வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் போட்டோவைக் காட்டுவாள்.

மடிப்பது சின்ன வேலை என்று நினைக்கிறார்கள். மடிக்கிறவன் பார்க்க வேண்டியது புடவையை அல்ல, வாங்க வந்தவளின் கண்ணை. கண் ஒரு புடவையை விட்டு நகர்ந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். முந்தினால் அவள் மனசு நோகும். பிந்தினால் புடவைகள் இடுப்பு உயரம் குவிந்து, பிடித்த புடவை அடியில் போய்விடும். வாய் "சுமாரா இருக்குது" என்று சொல்லும், கண் மட்டும் திரும்பித் திரும்பி அதே புடவைக்கு வரும். அப்படிப்பட்ட புடவையை நான் மடிக்க மாட்டேன். அவள் முழங்கால் பக்கம் ஒரு முனை கிடக்கும்படி விட்டுவைப்பேன். கடைசியில் பேசுகிறவர் அதைத் தூக்கி, "நான் அப்பவே சொல்லல?" என்பார். அவர் சொல்லியிருக்க மாட்டார். பரவாயில்லை. எனக்கு அதுதான் வசதி.

எங்கள் கடையில் பிரித்துப் போடுகிறவரை இங்கே 'பேசுகிறவர்' என்றே எழுதுகிறேன். அவருடைய தொழில் அது, பொழுதுபோக்கும் அது.

முதலாளியம்மாவின் மருமகள் கம்ப்யூட்டர் படித்தவள். சென்னைக் கம்பெனி ஒன்றின் வேலையைக் கடை மாடியில் உட்கார்ந்தே பார்க்கிறாள். கடைக்கும் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் செய்து கொடுத்தாள். "ஆப்பு கீப்பு எதுவும் வேணாம் அத்தை. லிங்க் அனுப்பினா போதும். எந்த ஊர்ல இருந்தாலும் பிரவுசர்லயே தெறந்து பொடவை பாக்கலாம்" என்றாள்.

நாங்கள் புடவை பிரிப்பதைக் காட்ட மேசைக்கு முன்னால் ஒரு கேமரா வேண்டும் என்றாள். இரண்டு நாள் யோசித்து, முதலாளியம்மா தனியாக இருந்த நேரம் பார்த்துப் போய் நின்றேன்.

"கை மட்டும் தெரியட்டும்மா."

"உன் மூஞ்சியப் பாத்து யாருபா பட்டு வாங்கப் போறாங்க? கையே போதும்" என்றார்கள். வாழ்க்கையில் என்னிடம் யாரும் அவ்வளவு ஆறுதலாகப் பேசியதில்லை.

அப்படியே செய்தார்கள். ஒரு கம்பத்தில் கேமராவை மாட்டி, மேசையைப் பார்க்கக் குனிய வைத்தார்கள். புடவை தெரியும், பேசுகிறவரின் தொப்பை தெரியும், முழங்கை வரைக்கும் நான் தெரிவேன்.

அந்த முதல் ஏற்பாட்டில் ஒரு தொல்லை இருந்தது. நாங்கள் இங்கே காட்டுவது அங்கே போய்ச் சேர நேரம் பிடித்தது. "ஒண்ணுலேர்ந்து இருபது எண்ணுங்கண்ணா. நீங்க எண்ணி முடிக்கும்போதுதான் அவங்களுக்குத் தெரியும்" என்று மருமகள் சொல்லிக் கொடுத்தாள். வாங்குகிறவர்கள் பதிலை எழுத்தில் தட்டி அனுப்புவார்கள், பேசுகிறவர் படிப்பார். ஒருமுறை கடையிலேயே உசத்தியான புடவையைப் பிரித்திருந்தோம். "இது பழைய கர்ட்டன் மாதிரி இருக்குது" என்று பதில் வந்தது. பேசுகிறவர் கொதித்துப்போய் அரை மணி நேரம் ஜரிகையைப் பற்றியே பேசினார். கடைசியில் பார்த்தால், அந்தப் பெண் சொன்னது அதற்கு முந்தின புடவையை.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு விதி: வருகிற பதில், போன புடவைக்கு. இதை நான் மிக நன்றாகப் பழகிக்கொண்டேன். அதுதான் பின்னால் வினையாயிற்று.

அந்த இருபதில் எனக்கு ஒரு லாபமும் இருந்தது. கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். கடைசி இருபது எண்ணிக்கையில் நடந்தது யாருக்கும் போய்ச் சேராது. எது அந்தப் பொத்தான் என்று நான் தடுமாறக் கூடாது என்பதற்காக முதலாளியம்மா தன் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன் மேல் ஒட்டினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று பதினெட்டிலேயே அமுக்கிவிடுவது என் வழக்கம். நான் தும்மியபோது அமுக்கினேன். பல்லி விழுந்தபோது அமுக்கினேன். பேசுகிறவரின் வேட்டி அவிழ்ந்ததை இந்த உலகத்தில் நானும் அவரும் மட்டும்தான் பார்த்திருக்கிறோம் என்றால், அதற்கு அந்தப் பொட்டுதான் காரணம்.

ஆனால் வாங்குகிறவர்களுக்குத் தாமதம் பிடிக்கவில்லை. மருமகள் இரண்டு வாரம் உட்கார்ந்து ஏற்பாட்டையே மாற்றினாள்.

"பிரவுசருக்குள்ளயே ஓடுற லைப்ரரி ஒண்ணு இருக்குது அத்தை. வீடியோ அப்பவே போற மாதிரி, அப்பவே வர்ற மாதிரி யாரோ எழுதி வெச்சிருக்காங்க. அத எடுத்து நம்ம பக்கத்துல சேத்துட்டேன்."

நான் அப்போது பக்கத்தில் இல்லை, இந்தப் பேச்செல்லாம் பின்னால் கேள்விப்பட்டது. பேசுகிறவர் விடவில்லை. "யாரோ எழுதி வெச்சதுன்னா, நீ இன்னாமா ரெண்டு வாரமா பண்ணே?"

"ரெடிமேட் ஜாக்கெட் வாங்கினாலும் சைடு பிடிச்சு, கை வெக்கணும் இல்லண்ணா? அத்தைக்கு வாங்கினா அப்டியே போட முடியுதா?"

"என் ஜாக்கெட்ட ஏன்டி இழுக்கிறே?" என்றார்கள் முதலாளியம்மா.

அப்புறம் மருமகள் என்னிடம் வந்தாள். "அண்ணா, இனிமே லேட்டன்ஸி ஒரு செகண்டுகூட இல்ல. ரெண்டு பக்கமும் வீடியோ தெரியும். அந்தப் பொட்டு பட்டன்ல வேற ஒண்ணு வெச்சிருக்கேன்…" அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் தரையைப் பார்த்துத் தலையாட்டினேன். லேட்டன்ஸி என்றால் என்ன என்று கேட்டிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்டால் பதில் வரும், பதிலுக்கு இன்னொன்று பேச வேண்டும். தலையாட்டுவது சுலபம்.

"புரிஞ்சுதா அண்ணா?"

தலையாட்டினேன். எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: இனி வாங்குகிறவளின் முகம் எங்களுக்குத் தெரியும். கண் திரும்பக் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

இந்தப் புது ஏற்பாட்டில் புடவை பார்க்க வந்த முதல் ஆள், லண்டனில் இருந்த ஒரு கல்யாணப் பெண். அவளுடைய அம்மா இங்கே எங்களுக்குப் பக்கத்தில் ஐயம்பேட்டையில் பிறந்தவர்கள். மறுநாள் அவர்கள் சொந்தக்காரர் ஒருவர் விமானம் ஏறுகிறார். முகூர்த்தப் புடவை அவர் கையில் போயாக வேண்டும். ஆக, அன்று மத்தியானம் மூன்று மணிக்குத் தேர்ந்தெடுத்தே தீர வேண்டும்.

அன்று காலையில்தான் பேசுகிறவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். கன்னத்தில் ஒரு கொழுக்கட்டையை ஒதுக்கி வைத்தது போல வீக்கம். வாய் நிறையப் பஞ்சு. நாளைக்குக் காலைவரை வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. வீட்டில் படுத்திருக்கலாமே என்று நான் சைகையில் கேட்டேன். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்: "வீட்ல அவ பேசுவா. பதில் சொல்ல முடியாது."

முதலாளியம்மா ஒரு காதுகுத்துக்காக மாகறல் போயிருந்தார்கள். போனில் கத்தினார்கள். "அவரு மூஞ்சி அனுமாரு மாதிரி வீங்கிக்கினு இருக்குது, கேமரா பக்கம் வுடாதே. நீயே பிரி, நீயே மடி. பேச வேணாம்பா. அவங்களே பேசிப்பாங்க." மருமகள் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிட்டு, "ஆபீஸ் மீட்டிங் அண்ணா" என்று மாடிக்கு ஓடினாள்.

திரையில் அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். "வணக்கம்ங்க" என்றார்கள் அந்த அம்மா. நான் கும்பிட்டேன். மேசை மேல் கும்பிட்ட இரண்டு கைகள் மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் அரக்குப் புடவையைப் பிரித்தேன். மனசுக்குள் இருபது எண்ணினேன். மடித்தேன். இரண்டாவதாக மாம்பழ மஞ்சள். அது விரிந்ததும் பெண்ணின் முகம் கசாயம் குடித்தது போலச் சுருங்கியது. சரி, இவளுக்கு அரக்கு பிடிக்கவில்லை என்று குறித்துக்கொண்டேன். வருகிற பதில், போன புடவைக்கு அல்லவா? மூன்றாவது கிளிப்பச்சை. அதைப் பிரித்ததுதான் தாமதம், பெண்ணின் கண் அப்படியே மலர்ந்தது. கை தானாக நீண்டு, திரையைத் தொடப் பார்த்தது. ஆகா, மாம்பழம் அவளுக்கு உயிராக இருக்கிறது என்று முடிவு செய்தேன். நாலாவதாகக் கத்திரிப்பூ நிறம். அவள் கண் சும்மா இருந்தது. பாவம், பச்சை எடுபடவில்லை.

இருபத்திரண்டு வருஷ அனுபவத்தோடு பச்சையை மடித்து அலமாரிக்குள் தள்ளினேன். மாம்பழத்தை எடுத்து மறுபடி விரித்தேன். முகம் சுருங்கியது. கத்திரிப்பூவைத்தான் அவள் இவ்வளவு வெறுக்கிறாள் என்று அதையும் தள்ளினேன். மாம்பழத்தின் முந்தானையைத் தனியாக எடுத்துக் காட்டினேன்.

"மஞ்சள் மங்களமா இருக்குதுடி. அவரும் அதையே திரும்பத் திரும்பக் காட்டறாரு பாரு" என்றார்கள் அம்மா.

"ஓகேம்மா" என்றாள் பெண். சாப்பாடு வேண்டாம் என்று சொல்வது போன்ற ஓகே.

"ஏங்க, அத தோள்ல போட்டுக் காட்டுங்களேன்."

பேசுகிறவர்தான் எப்போதும் புடவையைத் தன் தோளில் போட்டுக் காட்டுவார். இன்று அவரைக் கேமரா பக்கம் விடக்கூடாது. ஜவுளிக்கடைப் பொம்மையோ வாசலில் கண்ணாடிக்குள் இன்னொரு புடவை கட்டிக்கொண்டு நிற்கிறது. நான் பேசுகிறவரைப் பார்த்தேன். அவர் வந்து, நான் தடுப்பதற்குள் கேமராவை நிமிர்த்திவிட்டார். அப்புறம் என் கண் முன்னால் பத்து விரலையும் இரண்டு தடவை விரித்துக் காட்டி, கையை வேகமாக இப்படியும் அப்படியும் ஆட்டி, "ம்ம்! ம்ம்ம்!" என்றார்.

இருபது இருக்கிறது, பயப்படாதே என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அதுவும் சரிதான் என்று பட்டது. இருபது எண்ணுவதற்குள் ஒத்திகை பார்த்துவிடலாம். நன்றாக இல்லை என்றால் பொட்டு இருக்கிறது. மாம்பழத்தைத் தோளில் போட்டேன். தலையை நிமிர்த்தினேன். "ஒண்ணு" என்று எண்ண ஆரம்பித்தேன், வாய்விட்டே.

அடுத்து நடந்ததற்கு என்ன காரணம் சொல்வது? இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாணப் பெண்கள் எங்கள் கடைக் கண்ணாடி முன்னால் நடப்பதைக் குனிந்தபடியே பார்த்திருக்கிறேன். எல்லா நடையும் எனக்குத் தெரியும். யாரும் பார்க்காத இருபது விநாடி ஒரு மனுஷனுக்கு எத்தனை தடவை கிடைக்கும்? "ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டே, முந்தானையை முழங்கையில் ஏந்தி, இடுப்பை ஒடித்து, அலமாரி வரைக்கும் நடந்தேன். "ஏழு, எட்டு" என்று கண்ணாடி முன் நின்று, கொசுவத்தைக் காலால் தள்ளுகிற மாதிரி தள்ளித் திரும்பினேன். "தங்கத்த உருக்கி ஊத்தின மாதிரி இருக்குது மேடம்! ஒம்பது!" என்று பேசுகிறவரைப் போலப் பேசினேன். "இன்னாபா, மடிக்கச் சொன்னா தூங்கிக்கினு இருக்கே? பன்னெண்டு!" என்று முதலாளியம்மாவைப் போல எனக்கு நானே அதட்டினேன். பதினாலில் வெட்கப்பட்டுக் கால் விரலால் தரையில் கோலம் போட்டேன். அது மட்டும் நடிப்பு இல்லை. பதினேழில் ஓடிவந்து, பதினெட்டில் பொட்டை அமுக்கினேன்.

படம் நிற்கவில்லை. மருமகள் அதில் வைத்திருந்த 'வேற ஒண்ணு' ஜரிகை வேலையைக் காட்டுவதற்கானது. அமுக்கினால் எங்கள் படம் அவர்கள் திரை முழுக்கப் பெரிதாகும். பயத்தில் நாலு தடவை அமுக்கினேன். லண்டனில் என் மூக்கு ஒரு சன்னல் அளவுக்கு இருந்திருக்க வேண்டும்.

அப்போதுதான் சிரிப்பு கேட்டது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பெண் தலையணையில் முகத்தைப் புதைத்திருந்தாள். நான் மேசைக்கு அடியில் போய்விட்டேன், புடவையோடு.

கொஞ்ச நேரத்தில் பில் புத்தகம் மேசைக்கு அடியில் தள்ளப்பட்டது. பேசுகிறவரின் எழுத்து: "இருபது கிடையாது. இப்ப எல்லாம் உடனே தெரியுது. அதத்தான் சொன்னேன், மடையா."

அதை மூன்று தடவை படித்தேன். வாசல் வழியாகத் தவழ்ந்து போய்விடலாமா என்று பார்த்தேன். அப்படியே ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் ஏறினால் பிறகு யாரையும் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் மேலே அந்த அம்மாவின் குரல் கேட்டது: "அந்த மாம்பழத்தையே பேக் பண்ணிடுங்க. அவரு அவ்ளோ கஷ்டப்பட்டுக் காட்டிட்டாரு."

"ஓகேம்மா" என்றாள் பெண்.

அந்த ஓகே என்னை உறுத்தியது. இருபது இல்லை என்றால்? விரல்விட்டு முதலிலிருந்து எண்ணிப் பார்த்தேன். முகம் சுருங்கியபோது மேசையில் இருந்தது மாம்பழம். மறுபடி சுருங்கியபோதும் மாம்பழம். கண் மலர்ந்தபோது இருந்தது பச்சை. கடவுளே, அவள் பச்சைக்குத்தான் கையை நீட்டினாள். நான் அதை அலமாரிக்குள் தள்ளிவிட்டு, அவள் முகம் சுளித்த புடவையை மூன்று தடவை காட்டி, நாலாவது தடவை தோளில் போட்டுக்கொண்டு நடந்தும் இருக்கிறேன்.

பேசுகிறவரால் பேச முடியாது. எழுதிக் காட்டச் சொல்லலாம் என்றால், அவர் இரண்டு கையாலும் என் மேலிருந்த மாம்பழத்தைப் பேக் பண்ணுவதற்காக இழுத்துக்கொண்டிருந்தார். முகத்தைக் காட்டாமல் சொல்ல வழியே இல்லை. ஒரு கல்யாணப் பெண் தனக்குப் பிடிக்காத புடவையில் மணையில் உட்காருவாள், அது என்னால். எண்ணாமலே எழுந்தேன். தலை மேசையில் இடித்தது.

"அம்மா" என்றேன். "அது வேணாம்மா."

நான் அலமாரிக்குப் போய்ப் பச்சையை எடுத்து வந்து விரித்தேன். மேசையைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தேன், நேராக, அந்தப் பெண்ணின் கண்ணை. அது அப்போதே, அந்த விநாடியே மலர்ந்தது.

"இதுதாம்மா அவங்களுக்கு."

"ஏன்டி, அப்பிடியா?" என்றார்கள் அம்மா.

"நான்தான் பச்சைய பாத்ததுமே கை நீட்டினேன்ல? நீ மங்களம் மங்களம்னு…"

"வாயத் தெறந்து சொல்றதுக்கு இன்னா?"

"நீ ஆசையா சொன்னியேன்னுதான்" என்று இழுத்தாள் பெண். அவளும் என் ஜாதி, கூச்ச ஜாதி என்று தெரிந்தது.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்கள். "உங்களுக்கு எப்டிங்க தெரிஞ்சது?"

"மடிக்கிறவன்மா நான்."

"அது சரி, ஒண்ணு ரெண்டு எண்ணிக்கினே நடந்தீங்களே, அது எதுக்கு? அங்க ஏதாச்சும் சாங்கியமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து பேசுகிறவர் வீங்கிய முகத்தைக் கேமராவுக்குள் நீட்டி, பயபக்தியோடு "ம்ம்ம்" என்று தலையாட்டினார்.

"பதினெட்டு அடியா?"

"ம்ம்ம்."

மறுநாள் பச்சைப் புடவை லண்டனுக்குப் போயிற்று. நான் மருமகளிடம் போய், பழைய இருபதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது. "அத ஒழிக்கத்தானே ரெண்டு வாரம் தூங்காம கெடந்தேன்?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேமராவுக்கு மூடி போட்டுக்கொள்ள ஒரு குங்குமச் சிமிழின் மூடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அது சரியாகப் பொருந்தியது.

சில வாரம் கழித்து லண்டனிலிருந்து லிங்க் வந்தது. மருமகள் செய்த பக்கத்தையே கேட்டு வாங்கி, கல்யாணத்தை அதிலேயே காட்டினார்கள். எங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். முதலாளியம்மா, மருமகள், பல்வலி தீர்ந்து இரண்டு மடங்காகப் பேசிக்கொண்டிருந்த பேசுகிறவர், எல்லோரும் திரை முன் உட்கார்ந்தார்கள். நான் டிபன் பாக்ஸோடு கடைசியில் உட்கார்ந்தேன். எங்கள் கேமராவில் சிமிழ் மூடி இருந்தது.

பெண் பச்சைப் புடவையில் வந்தாள். மண்டப வாசலில் நின்றாள். முந்தானையை முழங்கையில் ஏந்தினாள். "ஒண்ணு" என்றாள். வலது பக்கம் இடுப்பை ஒடித்து ஒரு அடி வைத்தாள். "ரெண்டு" என்று அவளுடைய அம்மா சேர்ந்துகொண்டார்கள். மூன்றில் அத்தைகள் சேர்ந்தார்கள். ஏழில் மண்டபமே எண்ணிற்று. ஒன்பதில் ஒரு மாமா, "தங்கத்த உருக்கி ஊத்தின மாதிரி" என்று கத்தினார். அது சாங்கியத்தில் சேர்ந்துவிட்டிருந்தது.

"யோவ்!" என்றார் பேசுகிறவர். "உன் நடைய்யா அது!"

"இவன் நடையா?" என்றார்கள் முதலாளியம்மா. "இவன் எப்போ நடந்தான்?"

பதினாலில் அவள் காலால் தரையில் கோலம் போட்டாள். பதினேழில் கேமராவுக்கு நேரே வந்துவிட்டாள். "அண்ணா, இருக்கீங்களா? அங்க ஒண்ணுமே தெரியலயே?"

நான் எழுந்து போய்ச் சிமிழ் மூடியை எடுத்தேன். பொட்டு வைத்த பொத்தான் மேல் விரலை வைத்தேன். அது என்ன செய்யும் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். வாயிலிருந்த தயிர்சோற்றை விழுங்கிவிட்டு, அங்கே அத்தனை பேரும் "பதினெட்டு" என்று சொன்னபோது அமுக்கினேன்.